தெம்போ என்ற பெயர் நடந்து வந்த வழி

கடோமா,
ஜூன் மாதம், குளிர் இறங்கிய வாரம்.

என் செல்லப் பேரன் முனாஷேவுக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைக் கடவுளிடம் தினமும் நினைவுபடுத்துகிறேன். அவருக்கு வேலை அதிகம், நாம்தான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் நல்ல சேதிகள். உன் அக்கா ருவிம்போ நர்ஸ் பரீட்சையில் தேறி க்வேரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். வெள்ளைத் தொப்பி அவள் தலையில் நிற்கவே மாட்டேன் என்கிறது, அவ்வளவு முடி. அது என் பக்கத்து முடி. உன் தம்பி தவாண்டா பெரிய லாரி ஓட்டும் லைசென்ஸை முதல் தடவையிலேயே வாங்கிவிட்டான். பரீட்சை வைத்த அதிகாரியே இறங்கி வந்து கைகுலுக்கினாராம். இப்போது பெய்ரா துறைமுகம் வரை போய் வருகிறான், போன முறை எனக்கு உலர்ந்த மீன் வாங்கி வந்தான். கடைக்குட்டி அனேசு பள்ளி விழாவில் நம் குலத்துதியை மூச்சு விடாமல் சொல்லி முதல் பரிசு வாங்கினாள். 'வரியை உடுத்தவனே, புல்வெளியின் மாப்பிள்ளையே' என்று அவள் கையை வீசிச் சொன்னபோது எனக்குக் கால் தரையில் படவில்லை. தலைமையாசிரியர் மகள் என்பதால் கொடுத்துவிட்டார்கள் என்று மாவு மில்காரன் மனைவி சொன்னாளாம். அவள் பிள்ளைக்குத் தன் குலத்துதியில் இரண்டு வரி தெரியுமா, கேள். உன்னைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை. இங்கிலாந்தில் எஞ்சினியருக்குப் படிக்கிறான் என்று பஸ்ஸில் நான் சொல்லி முடிப்பதற்குள் கண்டக்டரே மீதியைச் சொல்லிவிடுகிறான்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

உன் அப்பன் ஜோசபாத் அதைப் பள்ளியிலிருந்து எடுத்து வந்து மாமரத்தடியில் நின்றபடியே படித்தான். படித்துவிட்டு என்னிடம் நீட்டினான். நான் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். பின்னால் நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. நாற்காலி இல்லை. இன்னும் இடுப்பில் சூடான உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டூபே! அந்தக் குளிர் நாடு முழுக்கத் தேடி உனக்குக் கிடைத்தது ஒரு டூபேயா?

பெண்ணின் பெயர் நொமலங்கா டூபே, புலவாயோக்காரி, மருந்துப் படிப்பு படிக்கிறாள், ஊர் வேறு, மொழி வேறு, பெயர் வேறு, தடை ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். உன்னைச் சின்ன வயதிலேயே விடுதிப் பள்ளிக்கு அனுப்பியது எங்கள் தப்பு. நம் வீட்டுப் பெயர் தெம்போ, நம் மொழியில் வரிக்குதிரை, அதுதான் நம் குலம். அவர்கள் மொழியில் டூபே என்றால் அதே வரிக்குதிரை. சட்டையை மாற்றிக்கொண்டால் ஆள் வேறாகிவிடுவானா? அவள் உனக்குத் தங்கை முறை. அவள் அப்பா உனக்குச் சித்தப்பா முறை. பங்காளி வீட்டில் பெண் எடுத்ததாக நம் பக்கத்தில் யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா? உன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு என்னை மாமியார்னு கூப்பிடுமா, பெரியம்மான்னு கூப்பிடுமா?" என்று கேட்டுக் கேட்டு அழுகிறாள். களி அடிப்பிடித்துவிட்டது.

நான் சிஹேரா. மான் குலத்தில் பிறந்த பெண்ணுக்கு அதுதான் பெயர். எங்கள் குலத்துப் பெண்களின் வாய்க்கு எதிரே எருதும் பின்வாங்கும் என்பார்கள். உன் தாத்தா என்னைக் கேட்டு வந்தபோது என் அப்பா முதலில் கேட்டது மாடு எத்தனை என்றா? "என்ன குலம் தம்பி?" என்றுதான் கேட்டார். வரிக்குதிரை என்று சொன்ன பிறகுதான் பாய் விரித்தார்கள். அன்று முதல் அவர் கண் மூடும் வரை அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விறகு கொண்டு வந்தால் கையைத் தட்டி "சமாயிட்டா." சோப்பு வாங்கி வந்தால் "சமாயிட்டா." வரிக்குதிரை ஆண்களை வாழ்த்த நமக்கு வேறு என்ன சொல் இருக்கிறது? அவர் கல்லறைக் கல்லில் முதலில் செதுக்கிய வரிக்குதிரை கழுதை மாதிரி வந்துவிட்டது என்று கல்தச்சனோடு சண்டை போட்டு மறுபடி செதுக்க வைத்தவள் நான். அந்த வீட்டுப் பிள்ளை நீ.

நீ கொடுத்திருந்த எண்ணுக்கு உன் அப்பன் பள்ளியிலிருந்து போன் பேசினான். பெண்ணின் அப்பா புலவாயோவில் கடை வைத்திருப்பவர், நல்ல மரியாதைக்காரர்தானாம். தெம்போ என்றதும் அவர் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னாராம். பிறகு, "எந்தத் தெம்போ சார்? வரிக்குதிரைத் தெம்போவா?" என்று கேட்டாராம். உன் அப்பன் நெஞ்சை நிமிர்த்தி, "வேற எந்தத் தெம்போ இருக்கு?" என்றிருக்கிறான். "அப்போ நாம அண்ணன் தம்பி. அண்ணன்கிட்ட சம்பந்தம் பேச என்ன இருக்கு?" என்று அவர் சொல்லிவிட்டார். வெள்ளை மாடு கொடுத்து உறவை வெட்டிவிட்டுக் கல்யாணம் செய்யும் வழக்கம் உண்டே என்று இவன் இழுத்தபோது, "நூறு வெள்ளை மாட்டை ஓட்டிட்டு வாங்க. என் பொண்ணை அவ அண்ணனுக்குக் குடுக்க மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நானிருந்தால் போனையே உடைத்திருப்பேன்.

ஆனாலும் உன் அப்பனுக்கு மனசு ஆறவில்லை. மாட்டோடு பெரியவர்களை அனுப்பிக் கேட்டுப் பார்க்கலாம் என்கிறான். அதற்குக் குடும்பம் கூட வேண்டும், உன் தாத்தாவின் அக்கா எஸ்னாத்தி இல்லாமல் அது நடக்காது. செகுட்டுவில் மகள் வீட்டிலிருக்கும் அவளை அழைத்து வர ஆள் போயிருக்கிறது. அது வரைக்கும் அந்தப் பெண்ணோடு தங்கையோடு பேசுவது போலப் பேசு.

கடவுள் உனக்கு நல்ல புத்தியும் கெட்டியான கம்பளியும் தரட்டும்.

உன் பாட்டி,
சிஹேரா.

*

கடோமா,
ஜூலை மாதம்.

முனாஷே,

இதை ஆள் இல்லாத இடத்தில் உட்கார்ந்து படி. நான் எழுதுவது உன் அப்பனுக்குத் தெரியாது. என் கையெழுத்து கோணலாக இருந்தால் கண்ணில் கோளாறு என்று நினைக்காதே. விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் கூடினோம். உன் அப்பன், உன் அம்மா, நான், எஸ்னாத்தி நாத்தனார். அவளுக்கு ஒரு கண் போய்விட்டது, மற்றது பாதி. காது மட்டும் எலியின் காது. உன் அப்பன் கோட்டுப் போட்டுக்கொண்டு, வகுப்பெடுப்பது போல எல்லாம் சொன்னான். வரிக்குதிரையும் வரிக்குதிரையும் சேரக்கூடாது, ஆனால் வெள்ளை மாட்டினால் உறவை வெட்டலாம், மாடு உடம்பில் ஒரு கறுப்பு மயிர்கூட இருக்கக்கூடாது, அப்படி ஒன்றை சன்யாதிப் பக்கம் பார்த்து வைத்திருக்கிறேன் என்று.

கிழவி சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் இருமல் என்று நினைத்து உன் அம்மா தண்ணீர் கொண்டு வந்தாள். அவள் குவளையைத் தள்ளிவிட்டு, "டேய் ஜோசபாத், இல்லாத கயித்தை வெட்ட எதுக்குடா கத்தி?" என்றாள்.

அவளுக்கு வயசாகிவிட்டது, ஏதோ உளறுகிறாள் என்றுதான் நினைத்தோம். அவள் உளறவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க அப்பா வரிக்குதிரையே இல்ல. எங்க ஆளுங்க இந்த நாடே இல்ல. பெரிய ஆத்துக்கு, சாம்பேசிக்கு, அந்தப் பக்கம், ஏரிக்கரை நாடு. அங்க தெம்போன்னா மிருகம் இல்லடா, மனுஷங்க. அப்பாவோட பாட்டன்மாருங்க ரொம்பத் தெற்கே, குளுந்த கடல் பக்கம் இருந்தவங்களாம். சண்டை போட்டுக்கிட்டு, மாட்டை ஓட்டிக்கிட்டு வடக்கே வந்து, ஆத்தைத் தாண்டி ஏரிக்கரைல உக்காந்தாங்க. அந்தக் கூட்டத்துப் பேருதான் தெம்போ. அப்புறம் வெள்ளைக்காரன் குடிசைக்கு வரி போட்டான். அப்பா சுரங்க வேலை தேடித் திரும்பத் தெற்கே நடந்தார். நான் அவர் தோள்ல. எங்கம்மா தலையில பானை."

சுரங்கத்தில் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் ஊர் ஊராக நடந்து நம் ஊருக்கு வந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். அப்போது ஊர்த்தலைவராக இருந்தவர் இப்போதைய தலைவர் சகாரியாவின் தாத்தா. அவர் வரிக்குதிரைக் குலம். யாரப்பா நீ என்று கேட்டிருக்கிறார். இவர் தெம்போ என்றிருக்கிறார்.

"அவ்ளோதான்!" என்றாள் நாத்தனார். "அந்தக் கெழவர் ரெண்டு கையையும் தட்டி, 'சமாயிட்டா! என் தம்பி வந்துட்டான்!'னு கத்தினார். பாய் போட்டாங்க. கோழி அடிச்சாங்க. அப்பாவுக்கு இந்த ஊர் பாஷை பாதிதான் தெரியும். சமாயிட்டான்னா 'சாப்பிட வா'ன்னு அர்த்தம்னு நெனச்சுக்கிட்டார். அவங்க சமாயிட்டான்னு சொன்னப்பல்லாம் போய் உக்காந்து சாப்பிட்டார். விஷயம் புரிஞ்சப்போ அவங்க குடுத்த நெலத்துல மக்காச்சோளம் மொழங்கால் ஒசரம். எங்கம்மா வயித்துல உங்கப்பன். சொல்லிட்டு எங்கடா போறது?"

உன் அப்பன் எழுந்து நின்றான். "அத்தை, வாயை மூடுங்க. நாங்க வரிக்குதிரை. குல மிருகம்னு பிறந்ததிலேர்ந்து அந்தக் கறியைத் தொட்டதில்ல" என்றான். அவள் நிதானமாக, "நீ தொட்டிருக்க மாட்டே. எங்கப்பா நடந்து வந்த வழியில ஒரு வேட்டைக்காரன் குடுத்து ஒரு தடவை தின்னாராம். ரொம்ப ருசின்னு எங்கம்மாகிட்ட ரகசியமா சொல்லுவார்" என்றாள்.

முனாஷே, உன் அப்பன் வெளியே ஓடிப் போய் வேலி ஓரத்தில் வாந்தி எடுத்தான். தலைமையாசிரியர். கோட்டோடு. அந்த நேரம் பார்த்து மாமரத்தடியில் அனேசு தோழிகளுக்குக் குலத்துதி சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். 'வரியை உடுத்தவனே' என்று அது கேட்டது. யாரும் அவளை நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவது?

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவருக்குத் தெரியுமா என்று. உன் தாத்தாவுக்கு.

"தெரியும்டி" என்றாள். "அப்பா சாகறப்போ ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கினார். உன்கிட்ட சொல்லிடறேன்னு அவன் எத்தனையோ தடவை கெளம்பினான். நான்தான் வேணாம்னேன். நீ சிஹேரா. உன் காதுல போட்டா கடோமா ஸ்டேஷன்ல ரயில் நிக்கறதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

எனக்கு வாய் எழவில்லை. எருதைப் பின்வாங்க வைக்கும் வாய். நான் கையைத் தட்டி வாழ்த்திய ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் தலையைக் குனிந்துகொள்வார். அதை அடக்கம் என்று நினைத்து ஊரெல்லாம் பெருமை பேசினேன். என் அப்பாவிடம் அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் பாய் விரித்திருக்க மாட்டார்கள். நாயை அவிழ்த்து விட்டிருப்பார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களை இங்கே என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். பெயர் உண்டு, குலம் கிடையாது என்பார்கள். சந்தையில் அதைச் சொல்லிச் சிரித்தால் நானும்தான் கூடச் சிரிப்பேன். யாரைப் பார்த்துச் சிரித்தேன்? நான் சமைத்ததைத் தின்றவரை. என் வயிற்றில் பிறந்தவனை.

உன் அப்பன் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, இது இந்தக் கூரையைத் தாண்டக்கூடாது என்றான். நிலம் வரிக்குதிரைக்குக் கொடுத்த நிலம். சுடுகாட்டு இடமும் அப்படியே. பள்ளியில் பிள்ளைகள் காதில் விழுந்தால் வகுப்பில் நிற்க முடியாது என்றான். பையன் வேற பொண்ணைப் பார்த்துக்கட்டும் என்றான். நாத்தனார், "உன் மானத்துக்கு அவன் ஏண்டா வெலை குடுக்கணும்?" என்றாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நேற்றைக்கு முந்தின நாள் வரை அந்தப் பெண் உனக்குத் தங்கை. இன்றைக்கு அவள் யாரோ ஒரு நல்ல வீட்டுப் பெண். உண்மை உன்னுடையது, அதனால் எழுதிவிட்டேன். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்பதை நீயே யோசி.

உன்னை எந்தக் குலச்சொல்லால் வாழ்த்துவது? 'சின்ன சமாயிட்டா' என்று எழுதித்தான் எப்போதும் முடிப்பேன். பேனா அந்த இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. கடவுளுக்கு நீ யார் என்று தெரியும், அவரே வாழ்த்தட்டும்.

உன் பாட்டி.

*

கடோமா,
செப்டம்பர் மாதம், வெயில் திரும்பிவிட்டது.

என் முனாஷே,

உன் பதில் வந்தது. அதைப் போல ஒரு கடிதம் எனக்கு இனி எழுதாதே. ஒரு கேலி இல்லை, ஒரு புகார் இல்லை, சாப்பாடு சரியில்லை என்றுகூட இல்லை. 'அப்பாவைத் தலைகுனிய வைக்க மாட்டேன், நொமலங்காவிடம் முடித்துக்கொண்டேன், இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம்' என்று தந்தி மாதிரி மூன்று வரி. எஞ்சினியர் ஆவதற்கு முன்பே இரும்பாகிவிட்டாயா? மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் தாத்தாவும் இப்படித்தான் ஒன்றைத் தொண்டையில் வைத்துக்கொண்டே என்னோடு வாழ்ந்துவிட்டுப் போனார். இன்னொரு ஆள் அப்படி வாழ வேண்டாம் என்று தோன்றியது.

மறுநாள் காலை ஒரு கோழியை எடுத்துக்கொண்டு ஊர்த்தலைவர் சகாரியா வீட்டுக்குப் போனேன். உன் அப்பனிடம் சொல்லவில்லை. வாசலில் தரையில் உட்கார்ந்து கையைத் தட்டி, "சமாயிட்டா" என்றேன். அவருக்கு அது சரியான சொல், அவர் அசல் வரிக்குதிரை. "வாங்க சிஹேரா, என்ன கோழியோட? யாருக்கு நிச்சயம்?" என்று சிரித்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் கேட்டது, தெம்போ என்றது, கோழி அடித்தது, மக்காச்சோளம் வளர்ந்தது.

அவர் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "எங்க தாத்தா 'தம்பியைக் கூப்பிடு'ன்னு சொல்லிட்டுத்தான் உயிரை விட்டார். வந்து கையைப் பிடிச்சது உங்க மாமனார்" என்றார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் தரையிலேயே இருந்தேன். வெயில் ஏறியது. கோழி என் இடுப்பில் சுற்றிய துணியைக் கொத்தியது. நம் நிலம், உன் தாத்தாவின் கல்லறை, நான் போய்ப் படுக்க வேண்டிய இடம், எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால். தலைவரின் மனைவி எட்டிப் பார்த்து, "என்ன சிஹேரா, காலங்காத்தால அந்த மனுஷனை அழ வச்சிட்டே?" என்றாள். உள்ளே ஏதோ சத்தம். அழுகையா இருமலா என்று எனக்குப் புரியவில்லை.

கதவு திறந்தது. அவர் முகம் கழுவியிருந்தார். என் எதிரே வந்து நின்று கத்தினார். "உங்க மாமனார், உங்க புருஷன், உங்க வாத்தியார் மகன்! மூணு தலைமுறையா எங்க எழவுக்கெல்லாம் வந்து, எங்க பாய்ல உக்காந்து, எங்க களியைத் தின்னு, மூக்கைச் சிந்திட்டுப் போயிருக்கீங்க! வேத்துக் குலத்தானுக்குப் பாய்ல என்ன வேலை? குழியில எறங்கி மண்ணு அள்ளியிருக்கணும்! எத்தனை குழி பாக்கி தெரியுமா உங்களுக்கு? எல்லாத்தையும் யாரு தோண்டுவா, உங்க இங்கிலாந்துப் பேரனா?"

நிலம் போயிற்று என்றே நினைத்தேன். அவர் மனைவி பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வேற்றுக் குலத்தாரிடம்தான் அப்படிப் பேச முடியும், முனாஷே. தம்பியை யாரும் அப்படி ஏச மாட்டார்கள். அது சாஹ்விராவிடம் பேசுகிற பேச்சு. விடுதியில் வளர்ந்த உனக்காக எழுதுகிறேன்: சாஹ்விரா ரத்த உறவு கிடையாது. நம் வீட்டுச் சாவுக்குக் குழி வெட்டுகிறவன், செத்தவரைப் போலவே நடந்து காட்டி அழுகிறவர்களைச் சிரிக்க வைக்கிறவன், என்ன ஏசினாலும் நாம் கோபித்துக்கொள்ளக் கூடாதவன். தம்பி சண்டை போட்டுப் பிரிவான். சாஹ்விரா பிரிய மாட்டான்.

நிலத்தைப் பற்றி எப்படியோ கேட்டுவிட்டேன். "ஏன், இவ்வளவு நாளா வரிக்குதிரையா வந்து உழுதுட்டுப் போச்சு? உங்க மாமனார்தானே உழுதார்?" என்றார். கோழியை வாங்கி உள்ளே கொடுத்தார். நான் வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை.

உன் அப்பனிடம் அன்றே சொன்னேன். அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை. என் முன்னால் வந்தால் சுவரைப் பார்ப்பான். பள்ளிக்குப் பின்வழியாகப் போனான்.

பிறகு தலைவரின் பெரியம்மா இறந்து போனாள். அதிகாலையில் இரண்டு ஆட்கள் வந்து வாசலில் நின்று, "வாத்தியாரை மண்வெட்டியோட வரச் சொன்னாங்க" என்றார்கள். உன் அப்பன் டை கட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடி முன்னாலேயே வெகு நேரம் நின்றான். டையை அவிழ்க்கவும் இல்லை. மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான். நானும் உன் அம்மாவும் பின்னால் போனோம்.

ஊரே பார்த்தது. குழியில் இறங்கினவனைச் சும்மா விடுவார்களா? "சார், மண்வெட்டி பிடிக்கிறதுக்கும் பரீட்சை வைக்கணுமா?" என்று ஒருவன். "ஆத்துக்கு அந்தப் பக்கம் இப்படித்தான் ஸ்பூனால தோண்டுவாங்களா?" என்று இன்னொருவன். முதல் தடவையாக அந்த வார்த்தை பகிரங்கமாக வந்துவிட்டது. உன் அப்பன் நிமிர்ந்து பார்த்தான். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. "பள்ளிக்கூடத்துல உனக்குக் கணக்கு வராதது மாதிரியே குழிக்கும் ஆழம் அளக்க வரலை பாரு. தள்ளு" என்றான். கூட்டம் ஓவென்று சிரித்தது.

மத்தியானம் அவன் என்ன செய்தான் தெரியுமா? செத்துப்போனவளின் தலைத்துணியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, அவளைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து, அவளைப் போலவே மூக்கால், "யாருடா என் கத்தரித் தோட்டத்துல மாட்டை விட்டது?" என்று கத்தினான். தலைவர் சகாரியா சிரித்து, சிரிப்பு பாதியில் உடைந்து, தரையில் உட்கார்ந்து தேம்பினார். உன் அப்பன் போய் அவரைப் பிடித்துக்கொண்டான். என் மகன் நடிப்பான் என்று எனக்குத் தெரியாது. அவனைப் பெற்றவள் நான், எனக்கே தெரியாது.

சாயந்திரம் மண் பூசிய செருப்போடு என் அடுப்படிக்கு வந்து, "களி இருக்காம்மா?" என்றான். தின்றுவிட்டு, "டூபேகிட்ட நானே பேசறேன்" என்றான்.

மறுநாள் பள்ளியிலிருந்து பேசினான். நானும் பக்கத்தில் நின்றேன், போன் காதுக்கு வெளியேயும் கேட்டது. இவன் எதையும் மறைக்கவில்லை. சாம்பேசி, சுரங்கம், தண்ணீர் கேட்டது, எல்லாம். "நாங்க வரிக்குதிரை இல்ல. எங்களுக்கு இங்க குலமே இல்லன்னு வச்சுக்கங்க. இப்போ நாங்க உங்களுக்கு அண்ணன் இல்ல. ஆனா பொண்ணு குடுக்கிற அளவுக்கு ஆளா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்" என்றான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவர், "சார், எங்க பாட்டன் காலத்துல எங்க பேரும் டூபே இல்ல. ஜெயிச்சவங்க வந்து அவங்க பாஷையில மாத்தி வச்ச பேரு. பழைய பேரை எங்கப்பாவுக்கே சொல்லத் தெரியாது. உங்களுக்காவது நடந்து வந்த வழி தெரிஞ்சிருக்கே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "என் பொண்ணு ரெண்டு மாசமா எங்களோட சரியாப் பேசறதில்ல. பொண்ணு கேக்க ஆளனுப்புங்க" என்றார்.

அதனால், முடித்துக்கொண்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாயே, போய் அவள் கதவைத் தட்டு. பெரிய பேச்சு வேண்டாம். தலைகுனிந்து நில். அவள் ஏசினால் வாங்கிக்கொள்.

உன் தாத்தாவின் கல்லறைக்கு நான் இன்னும் போகவில்லை. கல்லில் அந்த வரிக்குதிரை நிற்கிறது, அதைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. எஸ்னாத்தி நாத்தனார் என்னோடுதான் தங்கியிருக்கிறாள். அவள் அப்பாவுக்குப் படம் எதுவும் கிடையாது. ஆற்றைத் தாண்டி வந்த அந்த முகத்தைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான். உன் நெற்றி அப்படியே அவர் நெற்றி என்கிறாள், ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லையாம், உன்னைப் பார்த்தது நீ சின்னப் பையனாக இருந்தபோது. மிச்சமிருக்கிற பாதிக் கண்ணும் மழைக்காலம் வரை தாங்குமா என்று தெரியாது.

நீ நல்லபடியாக இரு. அந்தப் பெண்ணும் நல்லபடியாக இருக்கட்டும். ஒரு புதுப் படம் எடுத்து உடனே தபாலில் போடு. பெரிதாகப் போடச் சொல். வெளிச்சத்தில் நின்று எடு. தொப்பி வேண்டாம், நெற்றி நன்றாகத் தெரிய வேண்டும். அவளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்.

உன் பாட்டி,
தெம்போ வீட்டு சிஹேரா.